பகலில் அம்மா வீடு

ஜெயபுஷ்பம் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. அழுதுகொண்டு வருகிறவர்களை அழாதே என்று சொல்ல மாட்டார். மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். வெளியே காத்திருக்கிறவர்கள் என்னை முறைப்பார்கள். "உள்ள இன்னாம்மா பண்றாங்க இவ்ளோ நேரம்?" என்பார்கள். "அழறாங்க" என்பேன். வேறென்ன சொல்வது?

நான் கெசியா. ஆம்பூரில் ஷூ சோல் விற்கும் கடைக்கு மேல், மாடியில் இருக்கிறது எங்கள் ஆலோசனை மையம். அக்கா அங்கே கவுன்சிலர். நான் களப்பணியாளர். களப்பணி என்று பெரிதாகச் சொல்கிறார்களே தவிர, வராதவர்களுக்குப் போன் போட்டுத் திட்டுவது, வீடு தேடிப் போவது, நாற்காலி இழுத்துப் போடுவது எல்லாம் அதில் அடக்கம். நான் வாய்க்காரி. அக்காவைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் எனக்கு ஆகாது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

போன மாதம் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் நடந்தது. கமிட்டியில் இருக்கும் நத்தானியேல் ஐயா மைக்கைப் பிடித்தார். "அந்தக் காலத்துல கூட்டுக் குடும்பமா இருந்தோம். கவுன்சிலிங்னு ஒண்ணு தேவைப்பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அசரவில்லை. "ஐயா, எனக்கு மொதல் பத்து வருஷம் சோறு போட்டதே கூட்டுக் குடும்பந்தான்" என்றார். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஐயா மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா வேலூர் சத்துவாச்சாரிக்காரர். பிரசவ வார்டில் நர்ஸாகப் பல வருஷம் வேலை பார்த்தவர். ஊசி போடப் போன இடத்தில், ஊசியைவிடப் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து, நாற்பது வயதில் அஞ்சல் வழியில் உளவியல் படித்தார். "இத்தன நாளு ஊசியால குத்துனா, இனிமே கேள்வியால குத்தப் போறா" என்று அவர் கணவர் ஜெயகரன் ஐயா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பரீட்சைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அக்கா இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஆளைக் கூப்பிட்டால் எட்டு ஆள் வரும். ஒடுகத்தூரிலிருந்து கன்னியப்பன் என்று ஒரு பெரியவர், மருமகள் யாரோடும் பேசுவதில்லை, என்னவோ பிடித்திருக்கிறது என்று ஒரு மினி லாரி நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். மாமனார் பேசினார், மாமியார் பேசினார், நாத்தனார் பேசினாள், சித்தப்பா பேசினார். அந்தப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு, "கீழ கடையில டீ சொல்லியிருக்கேன், போய்க் குடிச்சுட்டு வாங்க" என்று மொத்தக் கூட்டத்தையும் அனுப்பிவிட்டார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா பேச மாட்டேங்கறியாம்?" என்றார். அவள் நிமிர்ந்து, "எங்க மேடம் பேச விட்டாங்க?" என்றாள்.

அப்போதெல்லாம் அக்காவின் திறமையே கூட்டத்தை டீக்கடைக்கு அனுப்புவதில்தான் இருந்தது. இன்றைக்கு அனுப்புவதற்கு ஆளே இல்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஞாயிற்றுக்கிழமை தனியாக வருகிறாள். கூட யாரும்மா என்றால் போனைக் காட்டுகிறாள். அதில் புருஷன் மஸ்கட்டிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் பேசுகிறான். உங்க வீட்ல முடிவெடுக்கிறது யாரு என்று கேட்டால், "நாந்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு அதற்கே அழுகிறவர்கள் இருக்கிறார்கள். தொணதொணக்கும் மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக் கொடுத்த அக்கா, ஒத்தாசைக்கு ஒரு மாமியார்கூட இல்லாதவளுக்கு எங்கேயிருந்து ஆள் பிடிப்பது என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது. பிடித்தும் கொடுத்தார். தையல் செக்‌ஷன் தோழி, வீட்டுக்காரம்மா, சர்ச் கொயரில் பாடும் பெண் என்று யாரையாவது இழுத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்.

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட அக்கா ஒன்றை மட்டும் மாற்றவில்லை. பிள்ளை பெற்றவள் தூக்கம் கெட்டு, மனசு கெட்டு வந்தால், டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, "அம்மா வீட்டுக்கு அனுப்புங்க" என்பார். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது நம் பக்கத்தில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோருக்கும் பொது. அம்மா வீடு என்றால் பத்தியச் சோறு, வெந்நீர்க் குளியல், குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஒரு ஆள். அதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது? வார்டில் வேலை பார்த்த காலத்திலிருந்து அக்கா சொல்லிவந்தது அது. பலித்தும் வந்தது. தேவிகா வரும்வரை.

தேவிகா என்பது அவள் பெயர் இல்லை. பெயரை மாற்றிவிட்டு எழுதுங்கள் என்று சொன்னவளும் அவள்தான். மாதனூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் தையல் வேலை. கட்டிக்கொண்டது குடியாத்தம் குமரனை. அவன் லுங்கி நெய்யும் விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்கிறான். கல்யாணமானதும் குடியாத்தத்தில் ஒரு அறை, ஒரு சமையலறை என்று தனிக்குடித்தனம். குமரனின் அம்மா பெங்களூரில் பெரிய மகன் வீட்டில் அந்தப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பிரசவமும் குடியாத்தத்திலேயே ஆகிவிட்டது. பெண் குழந்தை பிறந்து சில வாரம் ஆனதும் குமரன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை, அவளுக்குமில்லை அவனுக்குமில்லை.

"தூங்க மாட்டேங்கறா மேடம். கொழந்தையப் பாக்க மாட்டேங்கறா. பால் குடுக்கறா, அப்படியே கீழ வெச்சிடறா" என்றான்.

தேவிகா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்தக் கொழந்தைக்கு நா தேவையில்ல. வேற யாராவது இருந்தா அது நல்லா வளரும்."

அக்கா சுற்றி வளைக்க மாட்டார். "செத்துப் போயிடலாம்னு தோணுதா தேவிகா?" என்று கேட்டார். குமரன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். அப்படி வாய்விட்டுக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. கேட்ட பிறகுதான் தேவிகா முதல் முறையாக அக்காவை நேராகப் பார்த்தாள். "தோணுது மேடம்" என்றாள்.

அன்றைக்கே டாக்டரிடம் காட்டினோம். மருந்து எழுதினார். தனியாக மட்டும் விடக் கூடாது என்று அவரும் சொன்னார், அக்காவும் சொன்னார். குமரன் பகல் முழுக்கத் தறியில் நிற்கிறவன். அப்புறமென்ன, அம்மா வீடுதான். தேவிகாவின் அம்மா சந்திராவுக்கு அக்காவே போன் போட்டார். "பொண்ணத் தனியா விடக் கூடாதும்மா. நீங்க பாத்துக்குவீங்க இல்ல?" சந்திராவின் குரல் கணீரென்று கேட்டது. "இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? எம்பொண்ண நா பாத்துக்க மாட்டனா?" அக்கா நிம்மதியாகப் போனை வைத்தார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வர வேண்டிய நாளில் தேவிகா வரவில்லை. வழக்கம்போல நான் போன் போட்டேன், வழக்கம்போலத் திட்டத்தான். "ஏம்மா, காலையிலேர்ந்து உனக்காக நாற்காலியைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்கு வராம இருந்தா இன்னா அர்த்தம்?"

"வர முடியாதுக்கா" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கதவு வெளிய பூட்டியிருக்கு."

"யாரு பூட்டுனா?"

"அம்மா. வேலைக்குப் போய்ட்டாங்க."

போனை அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்கு ஒரு கணம் முகம் செத்துவிட்டது. அவ்வளவுதான், ஒரு கணம். அடுத்த கணம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். "தேவிகா, போன வைக்காத. பேசிக்கிட்டே இரு. நா வந்துட்டிருக்கேன்." கீழே தபரேஸ் பாயின் ஆட்டோ நின்றது. மாதனூர் என்றேன். அக்கா பேசுவதைக் கேட்டவர், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விரட்டினார். வழியெல்லாம் அக்கா பேச்சை விடவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய், குழந்தை எத்தனை முறை பால் குடித்தது, அந்தத் தெருவுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சில கேள்விக்குப் பதில் வந்தது. சில கேள்விக்கு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

தகர ஷீட் போட்ட சின்ன வீடு. கதவில் இந்தக் கையளவு பூட்டு. தபரேஸ் பாய் ஒரு கல்லை எடுத்துவிட்டார். ஜன்னலுக்கு வந்த தேவிகா, "உடைக்காதீங்க மேடம், தெரு பூரா கூடிடும்" என்று கெஞ்சினாள்.

"சரி, உடைக்கல" என்றார் அக்கா. "கைய நீட்டு." கம்பிக்கு நடுவே வந்த கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கொழந்த எங்க?"

"தூங்குது."

"சாவி வர்ற வரைக்கும் நீ இங்கியே நிக்கணும். நகர்ந்தேன்னா பூட்டை உடைப்பேன். தெரு கூடட்டும், ஊரே கூடட்டும், எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல." தேவிகாவுக்கு அக்கா சொன்னதைச் செய்வார் என்று புரிந்துவிட்டது. நின்றாள்.

தபரேஸ் பாய் சந்திராவைத் தேடி, அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனிக்குப் பறந்தார். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். செக்யூரிட்டியிடம் சண்டை போட்டு ஆளை வெளியே அழைக்க வேண்டும். அதுவரை அக்கா வெயிலில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். புடவை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் குடை பிடித்தால், "கொஞ்சம் தள்ளிப் பிடி, அவ மூஞ்சி எனக்குத் தெரியல" என்று என்னைத்தான் கடிந்தார்.

சந்திரா கம்பெனிக் கோட்டோடு வந்து இறங்கினாள். கையெல்லாம் பசை. பூட்டைத் திறந்துகொண்டே ஆரம்பித்துவிட்டாள். "நீங்கதான மேடம் தனியா விடக் கூடாதுன்னு சொன்னீங்க? அதாம் பூட்டுனேன். யாரும் உள்ள வரக் கூடாது, அவளும் வெளிய போவக் கூடாது. சோறு வெச்சிட்டு, தண்ணி வெச்சிட்டுத்தாம் போனேன். நா இன்னா பண்றது? நா இவளப் பெத்தப்போ எங்கம்மா வீட்ல இருந்தாங்க. இவ பெத்தப்போ நா கம்பெனில இருக்கேன். சேந்தாப்புல லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க. இவங்கப்பன் இல்ல, இவ தம்பி ஓசூர்ல இருக்கான். வேற யார உக்கார வெக்கறது?" கேட்டுக்கொண்டே வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறு யாராவது இருந்தால், ஏம்மா, பெற்ற பெண்ணை இப்படியா என்று ஒரு பாட்டம் ஆரம்பித்திருப்பார்கள். எனக்கே நாக்கு நுனிவரை வந்தது. அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தப்பு உங்க மேல இல்லம்மா. அம்மா வீட்டுக்கு அனுப்புங்கன்னு சொன்னேனே, பகல்ல அந்த வீட்ல யாரு இருப்பாங்கன்னு நா கேக்கல. கேக்க வேண்டியவ நாந்தான்."

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். மஹ்பூபி. கம்பெனியிலிருந்து ஷூ மேல்பாகங்களை வாங்கிவந்து வீட்டில் கைத்தையல் போடுகிறவர். ஊசி கையிலேயே இருந்தது. "செவுத்துக்கு இந்தப் பக்கம் பொழுதுக்கும் நா ஒக்காந்துட்டிருக்கேன் சந்திரா. ஒரு வார்த்த சொன்னியா?" என்றார்.

"இன்னான்னு சொல்றது? பைத்தியம்னு பேரு கட்டிடுவாங்களே" என்றாள் சந்திரா.

"எம்மருமவ அஜீஸுன்னிசாவுக்கும் பெத்த ஒடனே இப்படித்தாம் இருந்துச்சி. நாங்களும் யாருகிட்டயும் சொல்லல" என்றார் மஹ்பூபி. சொல்லிவிட்டு உள்ளே போய்த் தையல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, சந்திரா வீட்டு நடு அறையில், தேவிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட வேண்டியதே இல்லாமல் போயிற்று.

தேவிகாவை மறுபடி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தோம். மருந்தைக் கூட்டி எழுதினார். சாயங்காலம் குமரனும் வந்து சேர்ந்தான். அக்கா அங்கேயே குடும்பக் கூட்டம் போட்டார். குடும்பம் என்று உட்கார்ந்ததில் பாதிப் பேர் பக்கத்து வீடு. அக்கா ஒவ்வொருவராகப் பிடித்தார். பகலில் மஹ்பூபி அம்மாவும் அஜீஸுன்னிசாவும் கூடையோடு இங்கே வந்துவிடுவார்கள். இரவில் சந்திரா. குமரன் ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, பகலில் இங்கேயே இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் குமரன் இழுத்தான். "மாமியார் வீட்ல எப்படி மேடம்... வீட்டோட மாப்பிள்ளைன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கறவங்க பேரக் குடுங்க தம்பி" என்றார் அக்கா. "ஆளுக்கு ஒரு நாள் வந்து கொழந்தயப் பாத்துக்கச் சொல்றேன்."

மஹ்பூபி அம்மா ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தார். குமரனும் வேறு வழியில்லாமல் சிரித்தான். மறுநாளே ஒரு பையில் துணியோடு வந்துவிட்டான்.

அன்றைக்கு அதே ஆட்டோவில் திரும்பினோம். ஆம்பூர் வந்ததும் அக்கா இறங்கி, "நல்லவேள, நீ போன் பண்ணே" என்றார். மறுநாள் காலையில் பழைய ஜெயபுஷ்பம் அக்காவாகவே வந்தார். புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பகல்ல உங்க வீட்ல யாரும்மா இருக்காங்க?" இப்போது எல்லோரிடமும் அதைக் கேட்கிறார். பெயர், ஊர், உறவுமுறை எல்லாம் அதற்கப்புறம். பதில்களைக் கேட்டால் தலை சுற்றும். டி.வி. இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். நாய் இருக்கிறது என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அக்கா சிரிப்பதில்லை. சரி, அதற்கடுத்து யார் என்று கேட்கிறார். யாராவது ஒருவர் எப்படியும் கிடைத்துவிடுகிறார் என்பதுதான் ஆச்சரியம். சித்தப்பாக்களையும் அத்தைகளையும் அடக்கத் தெரிந்தவருக்கு, அவர்கள் இல்லாத இடத்தில் வேறு ஆட்களை உட்கார வைக்கவும் தெரிந்திருக்கிறது. நத்தானியேல் ஐயா ஒரு நாள் வந்து பார்க்கட்டும்.

தேவிகா தேறுவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஏறுவாள், சறுக்குவாள். மருந்தை நிறுத்திவிடவா என்று சந்திரா நச்சரிப்பாள், டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது என்று நான் கத்துவேன். குழந்தை கவிழ்ந்து படுக்கத் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் தேவிகா வந்தாள். முகம் தெளிந்திருந்தது. குழந்தையை வெளியே மஹ்பூபி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "கெசியாக்காவும் இருக்கட்டும் மேடம்" என்றாள்.

நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு அவளக் குளிப்பாட்டி, வயிறு நெறய பால் குடுத்து, புதுச் சட்ட போட்டு, கதவாண்ட படுக்க வெச்சிட்டேன் மேடம். அம்மா வந்து கதவத் தெறந்ததும் மொதல்ல அவளத்தாம் பாக்கணும்னு. எல்லாம் முடிவு பண்ணிட்டேன். அப்பதாம் போன் அடிச்சிது. கெசியாக்கா திட்டுனாங்க. ஒனக்காக நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கேன்னு. எனக்காக ஒருத்தங்க காத்துட்டிருக்காங்களேன்னு இருந்துச்சி. பேசிக்கிட்டே போய் அவளத் தூக்கிட்டேன்."

பத்து வருஷமாக எத்தனை பேரைப் போனில் திட்டியிருக்கிறேன். அக்கா அசையவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. கன்னத்தில் அப்படியே வழிந்தது.

"இப்ப எப்படி இருக்கு தேவிகா?" என்று கேட்டார்.

தேவிகா பதில் சொல்ல வாயெடுத்தாள். வெளியே குழந்தை சிணுங்கி, அப்புறம் வீறிட்டது. மஹ்பூபி அம்மா ஏதேதோ சொல்லிச் சமாதானம் செய்வது கேட்டது. குழந்தை கேட்கிற வழியாக இல்லை. தேவிகா எழுந்துவிட்டாள்.

"என்னத் தேடுது மேடம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள்.